நடுவருக்கு ஒரு ஸ்பூன்

“ஏளா, ஒரு ஸ்பூன் கொண்டா.”

ரசம் ஊற்ற வந்த சீனியம்மாள் கரண்டியைத் தட்டுக்கு மேலேயே நிறுத்தினாள்.

“ஸ்பூனா? எதுக்கு?”

“எதுக்கா? சாப்பிடத்தான். காதா குடையப் போறேன்?”

சிவனாண்டி அண்ணாச்சி ரசத்தை உள்ளங்கையில் ஏந்தி உறிஞ்சுகிறவர். கல்யாணப் பந்தியில் பாயசத்தை இலையிலேயே வாங்கி, ஒரு சொட்டு வெளியே ஓடாமல் வழித்துச் சாப்பிடுவதில் தாராவி நைன்ட்டி ஃபீட் ரோடு முழுக்கப் பேர் வாங்கியவர். கையால் சாப்பிட்டால்தான் சோற்றுக்கு ருசி என்று, மளிகை வாங்க வருகிற வடநாட்டுக்காரர்களுக்கு இந்தியில் பாடம் எடுக்கிறவர். அப்பேர்ப்பட்டவர் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஸ்பூன் கேட்கிறார்.

“கையில புண்ணா?”

“இல்ல.”

“கடையில பூச்சி மருந்து கிருந்து தொட்டியளா?”

“இல்லங்கேன்.”

“பொறவு என்ன?”

“ஒரு ஸ்பூனுக்கு இம்புட்டு விசாரணையா? போலீஸ்ல கூட இம்புட்டு கேக்க மாட்டான்.”

சொல்லிவிட்டு அவரே வாயை மூடிக்கொண்டார். அந்த வீட்டில் ஒரு வாரமாகச் சொல்லாமல் காப்பாற்றி வந்த வார்த்தை, போலீஸ்.

டிவி மட்டும் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தது. திரையில் நாலு பெட்டிக்குள் நாலு பேர் உட்கார்ந்து ஒரே நேரத்தில் கத்தினார்கள். கீழே சிவப்புப் பட்டையில் தாராவி, தாராவி என்று ஓடியது. தெருவில் போதைப் பவுடர் விற்கிறவனைப் பிடிக்க வந்த போலீஸ்மேல் கல்லெறிந்தது ஜனங்களா, கல்லெறிய வைத்தது போலீஸா என்பது கேள்வி. நாலு பேரில் ஒருத்தருக்கும் தாராவிக்கு எந்த ஸ்டேஷனில் இறங்கணும் என்று தெரிந்திருக்காது. ஆனாலும் பேச்சில் குறை வைக்கவில்லை.

“அதை அமத்து.”

“உங்களப் பத்தித்தான பேசுதான். கேட்டுட்டுப் போங்க.”

“என்னைப் பத்தி ஏன் பேசுதான்? தெருவப் பத்திப் பேசுதான்.”

அதுவும் உண்மைதான். தெருவைப் பற்றிப் பேசாத ஆள் அந்த வாரம் மும்பையில் இல்லை. செம்பூரில் பேசினார்கள், கிங்ஸ் சர்க்கிளில் காபி குடித்துக்கொண்டே பேசினார்கள், டோம்பிவிலி ரயிலில் தொங்கிக்கொண்டே பேசினார்கள். ஒரு வீடியோவைத்தான் எல்லோரும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அதில் கல் பறப்பது தெரிந்தது. ஒரு போலீஸ்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது தெரிந்தது. அதற்கு முன்னால் மாடி அறைக்குள் நடந்தது தெரியவில்லை. அந்த நேரம் யாரும் போனை எடுக்கவில்லை.

மாடி அறைக்குள் சுடலைக்கண்ணன் இருந்தான், தோல் பெல்ட் தைக்கிறவன். போலீஸ் தேடி வந்த ஆள் அந்தச் சந்தில் அடுத்த இரும்பு ஏணிக்கு மேலே இருந்தான். தாராவியில் மாடிக்குப் போகிற ஏணியெல்லாம் வெளியே தெருவில்தான் நிற்கும், எல்லாம் ஒன்று போலவே இருக்கும். போலீஸ் ஏறியது தப்பான ஏணி. மேலேயிருந்து வந்தது சத்தம். பிறகு சுடலைக்கண்ணனே வந்தான், தலைகீழாக. தொடை எலும்பு முறிந்தது. அதைப் பார்த்துத்தான் சந்து கல்லை எடுத்தது.

இப்போது அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில், காலுக்கு எடை கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு போலீஸ் காவலோடு படுத்திருக்கிறான். போலீஸைத் தாக்கினான், தப்பி ஓடும்போது ஏணியில் தவறி விழுந்தான் என்று கேஸ். வீட்டில் பவுடரும் அகப்படவில்லை, பொட்டலமும் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் கூட இவ்வளவு பெரிய கேஸ் ஆகியிருக்காது.

உள்ளே நடந்ததைப் பார்த்த வெளியாள் ஒருத்தர் உண்டு. போலீஸ் ஒரு வீட்டைச் சோதனை போடும்போது பக்கத்தில் நின்று பார்க்க மரியாதைப்பட்ட ஆட்கள் வேண்டும். மும்பையில் அவர்களுக்குப் ‘பஞ்ச்’ என்று பேர். “சேட், அஞ்சு நிமிஷம் வாங்க, பஞ்ச் வேணும்” என்று ஹவில்தார் கடைவாசலில் வந்து கூப்பிட்டபோது சிவனாண்டி அண்ணாச்சி கல்லாவைப் பூட்டி, கண்ணாடியில் முகம் பார்த்து, சட்டையை மாற்றிக்கொண்டு போனார். மரியாதை தேடி வருகிறபோது பனியனோடு போகலாமா?

கதவு தட்டப்பட்டது. சுடலைக்கண்ணனின் பெண்சாதி பேராச்சி நின்றாள்.

“அண்ணாச்சி சாப்பிடுதாவளா? இருக்கட்டும், நான் நிக்கேன்.”

“வா, வா. உள்ள வா,” என்றாள் சீனியம்மாள். தண்ணீர் கொண்டுவந்தாள், பேப்பர் கப்பில். வீட்டில் எவர்சில்வர் டம்ளர் ஒரு டஜன் கவிழ்த்து வைத்திருந்தது. ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு இருந்தன. தாராவியில் தெருவை இரண்டாகப் பிரிக்க இடம் ஏது? அதனால் அதைக் கொண்டுவந்து டம்ளரில் குடிவைத்தார்கள். கேட்டால் சீனியம்மாள் சாதி என்று சொல்லமாட்டாள். சுத்தம் என்பாள். கொரோனாவுக்குப் பிறகு அந்தச் சொல் ரொம்ப வசதியாகப் போய்விட்டது.

பேராச்சி கப்பை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“திங்கக்கிழம பெரிய ஆபீசர் விசாரிக்க வாராராம் அண்ணாச்சி. உங்களையும் கூப்பிட்டிருக்காராமே. வக்கீல் சொன்னாரு, நீங்க சொல்லுத சொல்லுலதான் ஜாமீன் இருக்குன்னு.”

“நான் என்ன சொல்ல, பேராச்சி? ஏணியில கால் வழுக்கிருச்சி.”

“அண்ணாச்சி, பதினஞ்சு வருசமா அந்த ஏணியில ஏறி எறங்குத மனுசன். குடிச்சிட்டு வந்தாக்கூட வழுக்குனதில்ல.”

“அன்னைக்கு வழுக்கிருச்சி. விதி.”

“நீங்க பாத்ததை மட்டும் சொல்லுங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அது போதும்.”

அண்ணாச்சி ஸ்பூனால் சோற்றைக் கிண்டினார். அவர் கடைக்கு முன்னால் பிளாட்பாரத்தில் வெங்காய மூட்டையும் எண்ணெய் டின்னும் தெரு பாதிவரை நீண்டு கிடக்கும். அதை எடு என்று இதுவரை எந்த இன்ஸ்பெக்டரும் சொன்னதில்லை. அந்தக் கடனை அவர் மறக்கிறவர் அல்ல.

“நீ டென்ஷன் எடுக்காத,” என்றார். “சங்கத்துல சொல்லி ஒனக்கு ஒரு ஏற்பாடு பண்ணிருக்கேன். ஞாயித்துக்கிழம செம்பூர்ல நம்ம சங்கத்து ஆண்டுவிழா. பட்டிமன்றம். மேடையில ஒன்னக் கூப்பிட்டுப் பொன்னாடை போத்தச் சொல்லிருக்கேன்.”

“பொன்னாடையா? எதுக்கு அண்ணாச்சி? கால் ஒடிஞ்சதுக்கா?”

“மரியாதை புள்ள, மரியாதை! எத்தன பேருக்குக் கெடைக்கும்?”

“என்ன பட்டிமன்றம்?”

அண்ணாச்சி முதல்முறையாக நிமிர்ந்தார். “போதையை ஒழிப்பது லத்தியா, புத்தியா? தலைப்பு நான் குடுத்தது. நடுவரும் நான்தான்.”

பேராச்சி முந்தானையை இழுத்துச் செருகினாள். தண்ணீரைக் குடிக்காமல் கப்பைக் கீழே வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

சீனியம்மாள் கதவைச் சாத்தினாள். புருஷனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“சோத்தப் பாத்தா ஏன் முழிக்கிய?”

“ஒண்ணுமில்ல.”

“நாப்பது வருசமா சோறு போடுதேன். எனக்குத் தெரியாதா? என்னத்தப் பாத்திய அங்க?”

அவர் ஸ்பூனைத் தட்டில் போட்டார். “அவன் சாப்பிட்டுக்கிட்டு இருந்தான்ட்டி. சம்மணம் போட்டு. மீன்கொழம்பு. இவனுவ உள்ள போயி என்ன ஏதுன்னு கேக்கல, எடுத்த எடுப்புல லத்திதான். அவன் எந்திரிச்சுக் கும்பிட்டான். எச்சிக் கையோட கும்பிட்டான். ரெண்டு கையிலயும் சோறு. அப்படியே தரதரன்னு இழுத்துட்டுப் போயி…” இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கீழ கெடக்கும்போதும் வெரல்ல பருக்கை ஒட்டிட்டு இருந்துச்சி.”

“அதைச் சொன்னா என்ன?”

“யாருக்காக? நம்ம ஆளா அவன்?”

“அப்ப ஏன் ஒங்களுக்குச் சோறு எறங்கல?”

“நீ ஸ்பூனைக் கழுவிக் கொண்டா,” என்றார் சிவனாண்டி.

*

ஸ்ரீதேவி மாட்டுங்காவில் இருக்கிறவர். கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். புத்தி அணியின் தலைவி. தயார் செய்யாமல் மேடையேறுகிற வழக்கம் அவருக்கு இல்லை. ஆகையால் டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்.

“பேராச்சி, நான் முழுக்க முழுக்க உங்க பக்கம். எனக்குக் கொஞ்சம் பாயிண்ட் வேணும்.”

“என்ன பாயிண்ட்டும்மா?”

“சபை கண்கலங்கற மாதிரி. உதாரணத்துக்கு, குழந்தைகள் ‘அப்பா எங்கே’ன்னு கேக்கறதா?”

“பெரியவ நாக்பாடாவுல வேலைக்குப் போறா. ‘அப்பா பெட்டுக்கு ஃபேன் இருக்கா’ன்னு கேட்டா.”

“ஃபேன்… அது சரியா வராது. அவருக்குப் பாட்டுப் பாடற பழக்கம், கவிதை எழுதற பழக்கம் ஏதாவது?”

“பீடிதான்.”

காவலுக்கு இருந்த போலீஸ்காரர் தமிழ் தெரியாமலே சிரித்தார். கட்டிலில் கிடந்த சுடலைக்கண்ணன், “ஏட்டி, அந்தம்மாவுக்கு உக்கார ஸ்டூல் போடு,” என்றான். அவன் பேசிய ஒரே பாயிண்ட் அதுதான். ஸ்ரீதேவி அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

“அம்மா, ஒண்ணு கேக்கட்டா?” என்றாள் பேராச்சி. “நீங்க படிச்சவிய. மேடையில அண்ணாச்சிகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அன்னைக்கு உள்ள என்ன நடந்துச்சின்னு. அவிய பாத்துட்டு நின்னாவ.”

ஸ்ரீதேவி பதறிவிட்டார். “ஐயோ, நடுவரைக் கேள்வி கேக்கப்படாது. எதிரணியைத்தான் கேக்கலாம். பட்டிமன்றத்துக்குன்னு ஒரு மரபு இருக்கோன்னோ?”

“அப்ப நான் கேக்கட்டா? பொன்னாடை போத்தும்போது?”

“கௌரவிக்கப்படறவா பேசற வழக்கம் இல்லை. கையெடுத்துக் கும்பிட்டாப் போதும். அதுவே ரொம்ப எஃபெக்டா இருக்கும்.”

“கும்பிட்டுத்தான் அவரு கால் போச்சு,” என்றாள் பேராச்சி.

ஸ்ரீதேவியின் கண் கலங்கியது. பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

*

செம்பூர் ஹாலில் நாற்காலி போதவில்லை. போன வருஷம் குடும்பத்துக்கு இன்பம் தருவது மாமியாரா மருமகளா என்று நடந்ததற்குக்கூட இவ்வளவு கூட்டம் இல்லை. மைக் நன்றாக இருந்தது. பின்னால் பெரிய பேனரில் லத்தி ஒரு பக்கம், பல்பு எரிகிற மூளை ஒரு பக்கம், நடுவே சிவனாண்டி அண்ணாச்சி சிரித்துக்கொண்டிருந்தார்.

லத்தி அணிக்குத் தலைவர் டோம்பிவிலி முத்துசெல்வம். ரயில்வேயில் இருந்தவர்.

“நடுவர் அவர்களே! எந்த டாக்டராவது கட்டியைப் பாத்து, ‘கட்டியே, திருந்திக்கோ’ன்னு புத்தி சொல்வாரா? கத்தி! கத்திதான் வைப்பார்! போலீஸ் வைக்கிற கத்திக்குப் பேர்தான் லத்தி!”

கைதட்டல்.

“அய்யா முத்துசெல்வம்,” என்றார் நடுவர், “தப்பான நோயாளிக்கு ஆபரேஷன் பண்ணிட்டா?”

ஹால் அதிர்ந்தது. பேராச்சி முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதோ வந்துவிட்டார், இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தாள்.

“பண்ணிட்டாலும் தையல் போட்டு அனுப்பிருவோம் நடுவர் அவர்களே!” என்றார் முத்துசெல்வம். நடுவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். பேராச்சி சாய்ந்துகொண்டாள்.

ஸ்ரீதேவி எழுந்தார். “கும்பிட்ட கைக்குக் கிடைத்தது கட்டுப்போட்ட கால்!” என்றார். பெண்கள் பக்கம் கைக்குட்டைகள் வெளியே வந்தன. முத்துசெல்வமே எழுந்து கைதட்டினார். பண்பாடான சபை.

கடைசியில் தீர்ப்பு.

“அன்பான சபையோரே! வண்டிக்கு ரெண்டு சக்கரம் வேணும். லத்தி இல்லாத புத்தி பல்லில்லாத வாய். புத்தி இல்லாத லத்தி கண்ணில்லாத முகம். ஆகவே, போதையை ஒழிக்க லத்தியும் வேணும், புத்தியும் வேணும் என்று தீர்ப்பளித்து…”

எல்லோருக்கும் திருப்தி. இரண்டு அணியும் ஜெயித்துவிட்டன. தோற்றவர் என்று ஒருத்தர் இருந்தால் அவர் ஹாலில் இல்லை, ஆஸ்பத்திரியில் இருந்தார்.

“அடுத்ததாக,” என்று தொகுப்பாளர் மைக்கைப் பிடித்தார், “சகோதரி பேராச்சி அவர்களுக்கு நடுவரின் துணைவியார் சீனியம்மாள் அவர்கள் பொன்னாடை போர்த்துவார்கள்! அம்மா, அப்படியே ரெண்டு வார்த்தை வாழ்த்தியும் பேசிடுங்க!”

சீனியம்மாள் மேடையேறியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சரிகைச் சால்வையை விரித்தாள். பேராச்சி கைகூப்பவில்லை, கையைத் தொங்கவிட்டு நின்றாள். அந்தக் கைகளைப் பார்த்தபடி சீனியம்மாள் சால்வையைத் திரும்ப மடித்தாள். மடித்து, நடுவரின் மேசையில் வைத்தாள்.

மைக் முன்னால் வந்தாள்.

“நடுவர் அவர்களே.”

கலியாணமான நாளிலிருந்து ‘ஏங்க’ என்பதைத் தவிர வேறு பேர் சொல்லி அவள் அவரைக் கூப்பிட்டதில்லை. கூட்டம் அதற்கே சிரித்தது.

“எனக்குப் பேசத் தெரியாது. ஒரு சந்தேகம். தப்பி ஓடி ஏணியிலருந்து விழுந்தவன் கையில சோத்துப் பருக்கை எப்படி வந்துச்சி? ஓடுதவன் சோத்தப் பிசைஞ்சிக்கிட்டா ஓடுவான்?”

“பாயிண்ட்!” என்றது பின்வரிசை. விசில் பறந்தது.

அண்ணாச்சிக்கு முகம் வெளுத்தது. ஆனால் மைக் கையில் இருந்தது. பழகிய நாக்கு தானாகவே எழுந்தது. “பாத்தியளா சபையோரே! வீட்டுலதான் என்னைப் பேச விடமாட்டா. இங்கயும் வந்துட்டா!”

ஹால் விழுந்து விழுந்து சிரித்தது. ஒருத்தர் நாற்காலியோடு சாய்ந்தார். ஸ்ரீதேவி மட்டும் சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்தார், மூடினார்.

சீனியம்மாள் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

“நாளைக்கு விசாரணைக்கு நானும் கூட வாரேன். நீங்க ஏணின்னு சொன்னா, நீங்க எங்கிட்ட அழுதுக்கிட்டே சொன்னதை நான் சொல்லுவேன்.”

“அழுதாராம்! நடுவர் அழுதாராம்!” கைதட்டல் கூரையைத் தொட்டது. தொகுப்பாளர் ஓடிவந்து, “இன்றைய சிறந்த பேச்சாளர் சந்தேகமே இல்லாமல் நம்ம சீனியம்மாள் அம்மாதான்!” என்று அறிவித்தார். லத்தி அணியும் புத்தி அணியும் ஒன்றாக எழுந்து ஆமோதித்தன. மேசையில் கிடந்த சால்வை வீணாகக்கூடாது என்று யாரோ எடுத்து அவள் தோளில் போட வந்தார்கள். அவள் நகர்ந்துகொண்டாள்.

“அனைவரும் உணவருந்திவிட்டுச் செல்லுமாறு…”

*

பந்தியில் நடுவருக்கு நடு இடம். வருகிறவர் போகிறவரெல்லாம் குனிந்து கைகொடுத்தார்கள். “தீர்ப்பு அருமை அண்ணாச்சி.” “வீட்டம்மாவுக்கும் டயலாக் எழுதிக் குடுத்திட்டியளே, நீங்க கில்லாடிவே!” “யூடியூப்ல போட்டாச்சு, இப்பவே லைக் அள்ளுது.”

எதிர்வரிசையில் சீனியம்மாள் பேராச்சியைப் பக்கத்தில் உட்காரவைத்து உட்கார்ந்திருந்தாள். பேராச்சியின் இலைக்குப் பக்கத்தில் டம்ளர் இல்லை. சீனியம்மாள் தன் டம்ளரிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு, யோசித்து, அதை நகர்த்தி வைத்தாள். பேராச்சியும் யோசித்தாள். எடுத்துக் குடித்தாள். யாரும் அதைப் பார்க்கவில்லை. அங்கே கைதட்டல் இல்லை.

அண்ணாச்சி இலையில் சூடான சோறு விழுந்தது. மேலே சாம்பார். ஆவி முகத்தில் அடித்தது. அவர் பரிமாறுகிறவரைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

“ஒரு ஸ்பூன் இருக்கா?”

“இந்தா எடுத்துட்டு வாரேன் அண்ணாச்சி.”

“அவியளுக்கு ஸ்பூன் வேண்டாம்,” என்றாள் எதிரே இருந்து சீனியம்மாள். சத்தம் போடவில்லை. ரசம் வேண்டாம், மோர் போதும் என்று சொல்கிற குரல். “கையாலதான் சாப்பிடுவாவ. கேட்டுப் பாருங்க, தெருவுக்கே தெரியும்.”

பரிமாறுகிறவர் சிரித்துக்கொண்டே அடுத்த இலைக்குப் போனார்.

பந்தி முழுக்கச் சாப்பிடத் தொடங்கிவிட்டது. சிவனாண்டி அண்ணாச்சி வலது கையைச் சோற்றின் மேல் வைத்தார். பிசைந்தார். எடுத்தார். விரலில் பருக்கை ஒட்டியிருந்தது. கை வாய்க்குப் போகாமல் இலைக்கு மேலேயே நின்றது.

பேராச்சி தன் இலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

“சாப்பிடுங்க அண்ணாச்சி,” என்றாள். “நாளைக்குப் பேசணும்லா.”